எட்டரைக்குப் பிறகு

வீட்டுத்திட்டக் காசு கூரையோடு முடிந்துபோனது.
பக்கத்து அறை ஏழு வருடம்
நெல்மூட்டைக்கும் அடைக்கோழிக்கும் கிடந்தது.
வினுஜா தந்த முற்பணத்தில்தான்
அதற்கு ஒரு கதவு வந்தது.
தச்சன் அளவைப் பிழைவிட்டான்,
கீழே இரண்டு விரல் இடைவெளி.

வந்த அன்றே சொல்லிப்போட்டேன்:
வாடகை ஏழாயிரம், கரண்ட் பில்லில் பாதி.
மோட்டர் காலமை பத்து நிமிசம்தான்.
சித்திரை பிறந்தால் அதுவும் இல்லை, கப்பியில் இழுக்கவேணும்.
பிரிஜ்ஜில் நடுத்தட்டு உனக்கு.
வெள்ளிக்கிழமை மீன் வேண்டாம்,
மற்ற நாளில் என்னத்தையும் சமை,
சட்டியை மட்டும் ஊறப்போட்டுவிட்டுப் போகாதே.
தம்பி, தமையன் ஆர் வந்தாலும்
முற்றத்தில் கதிரை இருக்கு.

பிறகு, பிள்ளை,
இந்த ஒழுங்கையில் உன்ரை கொம்பனியிட்டைக்
கடன் எடுக்காத வீடு ரெண்டு.
என்ரை அதில் ஒண்டு.
ஆர் எங்கை நிக்கினம் எண்டு என்னட்டைக் கேளாதே.
அந்தக் கொப்பியை என்ரை விறாந்தையில் விரிக்காதே.

கிரானிலிருந்து மாற்றலாகி வந்தவள்.
நீலச் சட்டைப் பையில் பேனை கசிந்த கறை.
எல்லாவற்றுக்கும் ஓமக்கா, ஓமக்கா.

எட்டரைக்குப் பிறகு ஹோலுக்கு வரக்கூடாது என்றேன்.
அதற்கும் ஓம்.
ஏனென்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
எட்டரைக்குத்தான் நான் காலைக் கழற்றிச்
சுவரில் சாத்துவது.
அதன்பிறகு இந்த வீட்டில்
குசினிக்கும் கட்டிலுக்கும் இடையில்
கெந்திக் கெந்திப் போகிற ஒருத்தி இருக்கிறாள்.
அவளை நான் ஒருவருக்கும்
அறிமுகப்படுத்துவதில்லை.

அவளும் ஒன்று சொன்னாள்:
"வேலையால வந்து அரை மணித்தியாலம்
என்னோட கதைக்கப்படாது அக்கா."
படலை படலையாக அவள் வாங்குகிற ஏச்சில் சிலதை
வேலிக்கு இந்தப் பக்கம் நின்று
நானும் கேட்டிருக்கிறேன்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்.
யோகமலர் பின்வேலியால் பூந்து வந்து
என் அரிசிவாளிக்குப் பக்கத்தில் குந்தினாள்.
மூன்று கிழமைக் கட்டு நிலுவை.
விசரி, அவள் இருக்கிற வீட்டிலேயோ
ஒளிக்க வந்தனி?
"இஞ்சைதான் தேடமாட்டாள்."
சொல்லி வாய்மூடவில்லை,
படலையில் மோட்டார் சைக்கிள்.

கிணற்றடிக்குப் போகிற வழியில்
பின்வாசலைக் கடந்தாள்.
வார் அறுந்து ஊசி குத்திய செருப்பு அங்கே கிடந்தது.
கிழமைக்கொருக்கால் கூட்டத்தில்
பாயோரம் பார்த்த செருப்பு, தெரியாமலா?
முகம் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள்.
என்னைப் பார்க்காமலே அறைக்குள் போய்க்
கதவைச் சாத்தினாள்.
அன்றைக்கு அந்த அரை மணித்தியாலம்
யோகமலருக்குப் போதுமானதாக இருந்தது.

நான் இதைப்பற்றிக் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

பிறகு அந்த மழை.
கரண்ட் போன இருட்டில்
செம்பு தட்டுப்பட்டு விழுந்தேன்.
செம்பு உருண்டு நிற்க
என்னைவிட நேரம் எடுத்தது.

"அக்கா, வரட்டா?"
"வராதே."

கதவு திறக்கவில்லை.
கொஞ்ச நேரத்தில்
தச்சன் பிழைவிட்ட இடைவெளியால்
போன் வெளிச்சம் வந்தது.
சீமெந்தோடு ஒட்டி, கதிரைக்குக் கீழால் ஊர்ந்து
வெறுஞ் சுவரில் போய் நின்றது.
"கொஞ்சம் இடப்பக்கம்" என்றேன்.
நகர்ந்தது.
"இன்னும்."
என் காலின் பாதத்தில் போய் முட்டியது.
அவ்வளவு தாழ்வாக வெளிச்சம் பிடிக்க
அந்தப் பக்கம் அவளும்
நிலத்தில்தான் படுத்திருக்க வேண்டும்.

"காணும், நிப்பாட்டு."
நின்றது.

விடிய மோட்டர் பதினைந்து நிமிசம் ஓடியது.
அடுப்படியில் இருந்து
ஒவ்வொரு நிமிசமாக எண்ணினேன்.